வலம் வந்தவளும் இடம் வந்தவரும்

நோர்ஸோமை முதல் நாள் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கூடாரத்துக்குள் வந்து உட்கார்ந்தாள். நான் ஊற்றிக் கொடுத்த தேநீரை ஒரு வாய் குடித்தாள். "அக்கா, இதுல வெண்ணெயைப் போட்டீங்களா, இல்ல வெண்ணெயைக் காட்டிட்டு எடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள். உள்ளே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அடுத்த கிண்ணத்தில் வேண்டுமென்றே ஒரு கை வெண்ணெய் அதிகமாகப் போட்டுக் கொடுத்தேன். அதையும் ருசித்துக் குடித்துவிட்டு, "இப்பத்தான் இது தேநீர்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு யாரும் கோபத்தை நீட்டித்துக்கொள்ள முடியாது.

அது குதிரை ஆண்டு. குதிரை ஆண்டில் காங் ரின்போச்சேயை ஒரு முறை சுற்றினால் மற்ற ஆண்டுகளில் பல முறை சுற்றிய புண்ணியம். தெற்கிலிருந்து வருகிறவர்கள் கயிலை என்று கும்பிடுவதும் இதே மலையைத்தான். வசந்தத்திலேயே கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. டோல்மா கணவாய்க்கு ஏறும் செங்குத்துப் பாதை தொடங்குகிற இடத்தில் என் கூடாரம். என் கணவர் லுண்டுப் யாத்திரிகர்களின் மூட்டைகளை யாக் மாடுகளில் ஏற்றிக் கணவாயைத் தாண்டிக் கொண்டுபோய் விடுவார். நான் தேநீரும் நூடுல்ஸும் விற்றேன்.

நோர்ஸோம் வடக்கே கெர்ட்சே மேய்ச்சல் வெளியைச் சேர்ந்தவள். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். அண்ணன் தாம்தின் வீட்டு ஆடுகளோடு தன் ஆடுகளையும் சேர்த்து மேய்த்துக்கொண்டு அவர் குடும்பத்தோடு இருந்தாள். அந்த அண்ணனும் கூட வந்திருந்தார். நெட்டையான, வற்றிய மனிதர். கையில் மந்திர உருளை ஓயாமல் சுழலும், வாயில் மந்திரம் ஓயாமல் ஓடும். யாரையாவது திட்ட வேண்டியிருந்தால் மட்டும் மந்திரம் நிற்கும். உட்கார்ந்தால் சோம்பல் வந்துவிடும் என்று தேநீரைக்கூட நின்றபடியே குடிப்பார். அவருடைய உருளைக்கு எண்ணெய் போட்டு எத்தனை காலமானதோ, அது போடும் கீச்சுச் சத்தத்தை வைத்தே அவர் வருவதைக் கண்டுபிடித்துவிடலாம்.

இருவரும் தார்ச்சென் ஊரில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். விடியுமுன் கிளம்பி, ஒரே நாளில் மலையைச் சுற்றி முடித்து, பொழுது சாய ஊர் திரும்புவார்கள். ஓரிரு நாள் கால்களுக்கு ஓய்வு. பிறகு மறுபடி ஒரு சுற்று. கோடை முழுக்க அப்படி நடப்பதாக வேண்டுதல்.

இனி யுங்துருங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் பௌத்தர்கள், மலையை வலம் வருகிறவர்கள். பௌத்தம் வருவதற்கு முன்பே இங்கே இருந்த பொன் என்ற பழைய மார்க்கத்தார் எதிர்த்திசையில், இடம் வருவார்கள். அவர்களுடைய மந்திர உருளையும் அப்படித்தான் சுழலும். எல்லோரும் ஏறுகிற பாதையில் அவர்கள் இறங்கி வருவார்கள். யுங்துருங் கிழக்கே கியுங்போவைச் சேர்ந்த பொன் மார்க்கத்தார். பைக் மெக்கானிக். அகலமான தோள்கள். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் போகாத கிரீஸ் கறை விரல்களில் இருக்கும். படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே கல்யாண வயது போய்விட்டது. அந்த அம்மாவும் முந்தின குளிர்காலத்தில் போய்ச் சேர, அவளுக்காகச் சுற்ற வந்திருந்தார். பேச்சு குறைவு. ஆனால் பேசும்போது எதிரில் இருப்பவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் சிரித்துச் சிந்திவிடும்.

அவர்கள் இருவரும் முதலில் மோதிக்கொண்டது என் கூடார வாசலில். அவள் வெளியே போகிறாள், அவர் உள்ளே வருகிறார். அவள் ஒதுங்கிய பக்கமே அவரும் ஒதுங்கினார். அவள் மறுபக்கம் போனாள். அவரும் போனார்.

"எந்தப் பக்கம் போறதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க" என்றாள் அவள்.

"நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன். மத்தவங்கதான் எல்லாரும் எதிர்ல வர்றீங்க" என்றார் அவர்.

அவள் சிரித்த சிரிப்பில் வாசலில் கட்டியிருந்த யாக் திரும்பிப் பார்த்தது.

ஒரே ஊரிலிருந்து ஒரே விடியலில் கிளம்பி, மலையை எதிரெதிராகச் சுற்றுகிறவர்கள் வழியில் எங்காவது சந்தித்துத்தான் ஆக வேண்டும். எங்கே என்பது அவரவர் நடையைப் பொறுத்தது. அடுத்த சுற்றில் அவர்கள் கணவாய்க்கு மேலே பார்த்துக்கொண்டார்களாம். அதற்கடுத்ததில் ஏற்றத்தின் பாதியில். பிறகு பார்த்தால் இருவரும் என் கூடாரத்தில்தான் சந்தித்துக்கொண்டார்கள், ஒவ்வொரு முறையும். அவர் இன்னும் முன்னதாகவே கிளம்பத் தொடங்கியிருந்தார். அவள் நடையைத் தளர்த்தியிருந்தாள். "முட்டி பிடிச்சுக்குது அண்ணே" என்று தாம்தினிடம் சொல்லிவிட்டு என் அடுப்பருகே வந்து உட்காருவாள். ஒரு நாள் வழியில் எங்கோ தாமதமாகிவிட்டது. அந்த முட்டி வலிக்காரி பள்ளத்தாக்கிலிருந்து என் கூடாரம்வரை ஓட்டமும் நடையுமாக வந்து மூச்சிரைக்க நின்றாள். உலகத்தில் வேறெங்கும் ஓடலாம். எங்கள் மலையில் ஓடுகிறவளுக்குக் காரணம் இருக்க வேண்டும். தேநீரை ஊற்றி வைத்தேன்.

அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் சண்டைதான்.

"எங்க முனிவரும் உங்க ஆளும் மலையுச்சிக்குப் பந்தயம் வச்சாங்களே, என்ன ஆச்சு?" என்று அவள் சீண்டுவாள். "உங்க ஆளு ராவோட ராவா டமாரத்து மேல ஏறிப் பறந்தாரு. எங்க முனிவர் நல்லாத் தூங்கி எழுந்து, முதல் வெயில்லேயே உச்சிக்குப் போய் உக்காந்துட்டாரு. உங்க ஆளு டமாரத்தைத் தவற விட்டதுல மலை முகத்துல விழுந்த கோடு இன்னும் இருக்கு. போய்ப் பாருங்க."

"அது ஜெயிச்சவங்க சொல்ற கதை. எங்க ஊர்ல வேற மாதிரி சொல்லுவாங்க."

"எப்படி?"

"உங்க முனிவர் தூங்கி எழுந்தது மட்டும் நிஜம்னு சொல்லுவாங்க."

அவள் கையில் இருந்த உலர்ந்த பாற்கட்டித் துண்டை அவர் மேல் எறிந்தாள். அவர் அதைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த முறை ஒரு சின்னத் துணிப்பை நிறையப் பாற்கட்டி கொண்டுவந்து, "எறியறதுக்கு வச்சிருக்கேன்" என்று சொல்லி அவர் பக்கம் தள்ளினாள்.

என் அடுப்பின் புகைக்குழாய் வருடக்கணக்காகக் கூடாரத்துக்குள்ளேயே புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அவள் கண்ணைக் கசக்குவதைப் பார்த்து யுங்துருங் எழுந்துபோய், பழைய எண்ணெய் டின் தகடு ஒன்றை வளைத்து அதைச் சரிசெய்தார். நான் எத்தனை நாள் கண்ணைக் கசக்கியிருப்பேன்! லுண்டுப் ஒரு நாளாவது பார்த்தாரா? அன்று அதைச் சொல்லி அவரை ஒரு பிடி பிடித்தேன்.

தாம்தினுக்குப் புரிய நாளானது. புரிந்த அன்று என் கூடாரத்துக்குள்ளேயே மந்திரம் நின்றது.

"நோர்ஸோம், எழுந்திரு. போகலாம்."

"தேநீர் பாதி இருக்கு அண்ணே."

"அவன் யாரு? தலைகீழா சுத்துறவன். நம்ம அப்பன் பாட்டன் மண்ணுல விழுந்து விழுந்து கும்பிட்டு வலம் வந்த மலை இது. இங்க வந்து ஒரு பொன்காரனோட உக்காந்து பல்லைக் காட்டிட்டிருக்க."

"தேநீர் குடிக்கிறதுலகூட வலப்பக்கம் இடப்பக்கம் இருக்கா அண்ணே?"

"எல்லாத்துலயும் இருக்கு" என்றார் அவர்.

யுங்துருங் தலையைக் குனிந்துகொண்டு கிண்ணத்தையே பார்த்திருந்தார். பிறகு மெல்ல, "அண்ணே, உங்க உருளை ரொம்பக் கத்துது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தரட்டுமா? எங்கிட்ட இருக்கு" என்றார். சமாதானத்துக்குத்தான் கேட்டார்.

"உன் கை பட்டா இதுவும் திரும்பிச் சுத்தும்" என்று சொல்லிவிட்டுத் தங்கையை இழுத்துக்கொண்டு போய்விட்டார் தாம்தின்.

அதற்குப் பிறகு அவர்கள் என் கூடாரத்தில் நிற்பதே இல்லை. கொஞ்சம் கீழே இருக்கிற இன்னொரு கடையில் தேநீர் குடித்துவிட்டு, என் வாசலைத் தாண்டி மேலே போய்விடுவார்கள். அந்தக் கடைத் தேநீரைக் குடிப்பதற்குப் பனியை உருக்கிக் குடிக்கலாம். அதில் எனக்கு வேறு கோபம். பாதையில் யுங்துருங் எதிரே வரும்போது தாம்தின் தங்கைக்கும் அவருக்கும் நடுவில் நடப்பார். நோர்ஸோம் தலையை நிமிர்த்தாமல் போவாள். யுங்துருங் இறங்கி வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, "போயிட்டாங்களா அக்கா?" என்று தெரிந்ததையே கேட்பார். கிண்ணத்தில் பாதி ஆறிப்போய்க் கிடக்கும்.

நான் பௌர்ணமிதோறும் கடையை லுண்டுப்பிடம் விட்டுவிட்டு ஒரு சுற்று நடப்பேன். கோடை முடியப்போகிற பௌர்ணமி அன்று ஏற்றத்தில் நோர்ஸோமும் தாம்தினும் எனக்குச் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். கணவாய் நெருங்க நெருங்க நாலடி வைத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். பேசுவதற்கு யாருக்கும் காற்று மிச்சமிருக்காது. உச்சியில் மந்திரக் கொடிகளுக்கு நடுவே நின்று "கி கி! ஸோ ஸோ! தெய்வங்களுக்கே வெற்றி!" என்று கத்தினோம். குதிரையும் மந்திரமும் அச்சிட்ட காற்றுக்குதிரைத் தாள்களை வீசினோம். வீசிய கையை மடக்குவதற்குள் மேகம் வந்து மூடிவிட்டது. கல் மாதிரி ஆலங்கட்டி. பிறகு பனி.

அந்தப் பக்க இறக்கம் முழுக்கப் பெரிய பெரிய பாறைகள். கருணைக் குளத்தைத் தாண்டி இறங்கும்போது, முன்னால் போன தாம்தின் ஈரப் பாறையில் வழுக்கினார். வலது கால் இரண்டு கற்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பி விழுந்தது. எலும்பு போன சத்தம் எனக்கே கேட்டது. அவர் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். உருளை எங்கோ பாறைகளுக்குள் விழுந்துவிட்டிருந்தது. கையைக் காற்றில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார், அது இல்லை என்பதே தெரியாமல்.

நோர்ஸோமும் நானும் காலைக் கற்களிலிருந்து விடுவித்தோம். அதற்கு மேல் எங்களால் என்ன செய்ய முடியும்? போகிறவர்கள் நின்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள், ஒரு குடும்பம் போர்வையைக் கொடுத்துவிட்டுப் போனது. ஆனால் அந்தக் காற்றில் தன் உடம்பைத் தானே சுமப்பதே பெரும்பாடு. ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாறைகளில் இறங்க யார் இருக்கிறார்கள்? பனி தாம்தினின் மடியில் படிய ஆரம்பித்தது. நோர்ஸோம் அதைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்போது கீழேயிருந்து, கூட்டத்துக்கு எதிராக, ஒருவர் ஏறி வந்தார். மேலங்கியை இடுப்பில் பைக் டியூப் ஒன்றால் கட்டியிருந்தார். அதைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது. புருவத்தில் பனி. பள்ளத்தாக்கிலிருந்து அந்தச் செங்குத்து முழுவதையும் ஏறி முடித்திருந்தார். இன்னும் கொஞ்சம் ஏறினால் கணவாய். அவருக்கு அதற்குப் பிறகு எல்லாம் இறக்கம்தான்.

யுங்துருங் மண்டியிட்டுக் காலைத் தொட்டுப் பார்த்தார். என் ஊன்றுகோலை வாங்கி இரண்டாக முறித்து இருபுறமும் வைத்தார். இடுப்பு டியூபை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். பைக் சக்கரத்துக்குக் கட்டுவதுபோல் அத்தனை பதமாகக் கட்டினார். பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"ஏறுங்க அண்ணே."

"நீ போ" என்றார் தாம்தின்.

"ஏறுங்கன்னு சொல்றேன்."

"இங்க பாரு. கணவாய் இதோ இருக்கு. நீ ஏறிட்ட. நீ சுத்துறது தப்புப் பக்கம்னு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். இப்பவும் சொல்றேன். ஆனா சுத்து சுத்துதான். உங்கம்மாவுக்காக நடக்குற. இப்ப என்னைத் தூக்கிட்டுத் திரும்பினா இந்தச் சுத்து போச்சு. அந்தப் பாவத்தை நான் சுமக்க மாட்டேன். என் தங்கச்சி கீழே போய் ஆள் கூட்டிட்டு வருவா. நீ போ."

அந்த நிலையிலும் அப்படிப் பேசினார். அவரைப் பற்றி அதுவரை நான் நினைத்திருந்ததெல்லாம் அப்போது கொஞ்சம் இடம் மாறியது.

யுங்துருங் சிறிது நேரம் மூச்சு வாங்கினார். "எங்கம்மாவுக்குக் கோபம் வந்தா கையில கிடைச்சதை எடுத்து அடிப்பா. ஒரு மனுஷனைப் பனியில விட்டுட்டு வந்து எனக்குப் புண்ணியம் கொண்டாந்தேன்னு சொல்றியாடான்னு, மேல இருந்தே பூட்ஸைக் கழட்டி அடிப்பா. மலை எங்கயும் ஓடிப் போயிடாது. ஏறுங்க."

நோர்ஸோம் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. "அண்ணே, உங்க ரெண்டு பேரு தர்மத்தையும் கீழே போய்ப் பேசிக்கலாம்!" என்று கத்திவிட்டு, அண்ணனைக் கட்டிப்பிடித்துத் தூக்கி அவர் முதுகில் போட்டாள்.

அப்படியாக, யுங்துருங் என்கிற பொன் மார்க்கத்தார் எங்களோடு சேர்ந்து எங்கள் மலையை எங்கள் பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார். நோர்ஸோம் முன்னால் போய்க் காலால் பனியை விலக்கி, "இந்தக் கல்லு ஆடுது, அதுல வையுங்க, இடது கால், இடது கால்!" என்று வழி சொன்னாள். நான் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். தாம்தின் வலியை மறக்க மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். யுங்துருங்கின் உதடுகளும் அசைந்தன. எங்களுடையது 'ஓம் மணி பத்மே ஹூம்' என்கிற ஆறெழுத்து, அவர்களுடையது வேறு, எட்டெழுத்து.

கொஞ்ச தூரம் போனதும் யுங்துருங், "அண்ணே, காதுக்குள்ள உங்க மந்திரத்தைக் கொட்டாதீங்க. எனக்கு என்னுது குழம்புது" என்றார்.

"நீ உன்னுதைச் சொல்லு. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

"சொல்றேன். நடுவுல 'பத்மே' வந்து விழுந்துடுது."

"விழட்டும். நல்லதுதான?"

முதுகில் இருந்தவர் சிரித்தார். வலியில் முனகிக்கொண்டே சிரித்தார். தாம்தின் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இறக்கத்தின் அடியில் இருந்த கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது யுங்துருங்கின் விரல்கள் குளிரில் விறைத்துப்போயிருந்தன. அவரால் கிண்ணத்தைப் பிடிக்க முடியவில்லை. நோர்ஸோம் கிண்ணத்தை அவர் வாயில் வைத்துக் குடிக்கக் கொடுத்தாள், அண்ணன் முன்னாலேயே. அண்ணன் கூடாரத் துணியில் ஏதோ பார்க்க வேண்டியிருந்தவர்போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு ஒரு யாக்கைப் பிடித்து, சமவெளிப் பாதையில் அவரை அதன்மேல் உட்காரவைத்து, மடத்தருகே ஒரு ஜீப் கிடைத்து, தார்ச்சென் போய்ச் சேர்ந்தோம். மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டார்கள். குளிர்காலம்வரை நடக்கக் கூடாது என்றார்கள்.

அடுத்து நான் நூடுல்ஸ் மூட்டை வாங்கத் தார்ச்சென் இறங்கினபோது அவர்கள் அறைக்குப் போனேன். வாசலுக்கு வெளியிலேயே பகடைக் கிண்ணம் தோல்மெத்தையில் 'டொம்' என்று அறையும் சத்தம் கேட்டது. உள்ளே தாம்தின் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே யுங்துருங். நடுவில் சோழிகள்.

"ஆறு வா! பொண்டாட்டி தேடி அலையுற ஓநாயே, ஆறா விழு!" என்று, எங்கள் ஊரில் பகடையைக் கூப்பிடுகிற வழக்கப்படி கத்திக்கொண்டே தாம்தின் கிண்ணத்தை அறைந்தார். விழுந்தது மூன்று.

"ஓநாய்க்கு மூணு கால்தான் போல" என்றார் யுங்துருங்.

"வாயை மூடு. காயை நகர்த்து. இப்படி, இப்படி. வலப்பக்கமா!"

"பகடையில மட்டும் உங்க பக்கமாவே வர்றேன் அண்ணே. ஜெயிக்கிறதா இருந்தா எந்தப் பக்கமும் போவேன்."

தாம்தினின் கைக்கருகே ஒரு புது மந்திர உருளை இருந்தது. கை சும்மா இருந்தபோது அதை எடுத்துச் சுழற்றினார், சத்தமே இல்லை. யார் எண்ணெய் விட்டது என்று நான் கேட்கவில்லை.

யுங்துருங் தண்ணீர் கொண்டுவர வெளியே போனதும் தாம்தின் என்னைப் பக்கத்தில் அழைத்தார்.

"சிமே, இந்த ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப் போச்சா?"

"ஏன், என்ன?"

"என்னைத் தனியா விடக் கூடாதுன்னு முறை வச்சுக்கிட்டாங்க. அவ நடக்குற அன்னிக்கு இவன் எங்கூட. இவன் நடக்குற அன்னிக்கு அவ எங்கூட. சாயங்காலம் வாசல்ல பார்த்து, 'சாப்டீங்களா', 'ஆச்சு', 'கால் எப்படி இருக்கு', 'பரவால்ல', அவ்வளவுதான். இவன் போய்த் தன் அறையில படுத்துக்கிறான். முன்னாடியாவது பாதையில பார்த்துக்கிட்டாங்க. இப்ப அதுவும் இல்லை."

"நீங்கதான வேண்டாம்னீங்க?"

"நான் தேநீர்க் கடையில உக்காராதேன்னுதான் சொன்னேன்" என்றார், ஒரு துளி வெட்கமில்லாமல். பிறகு கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சிமே, நீ ஒரு நாள் இங்க வந்து எங்கூட இருக்கியா? எனக்குக் காலு வலிக்குது, உன் சமையல் வேணும்னு கேட்டேன்னு அவங்ககிட்ட ஏதாவது சொல்லு. இவங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல நடக்கட்டும்."

லுண்டுப்பிடம் கடையை விட்டுவிட்டு வந்தேன். அன்று அவர் போட்ட தேநீரைப் பற்றி யாத்திரிகர்கள் இன்றும் பேசுகிறார்கள், நல்லவிதமாக அல்ல. விடியுமுன் இருவரும் கிளம்பினார்கள். வாசலில் இருந்து அவள் மேற்கே போனாள், அவர் கிழக்கே போனார். தாம்தின் ஜன்னல் வழியாக இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பாரு, இப்படித்தான் ஒருத்தரை ஒருத்தர் தேடிப் போறாங்க" என்றார். அன்று முழுவதும் பகடையில் என்னிடம் தோற்றுக்கொண்டே இருந்தார். மனம் அதில் இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் முதலில் நோர்ஸோம் வந்தாள். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் விழுந்து உட்கார்ந்தாள். கன்னம் இரண்டும் காற்றில் வெடித்துச் சிவந்திருந்தன.

"அக்கா, கேட்டுட்டேன்."

"என்ன கேட்ட?"

"கணவாய் மேலதான் பார்த்தோம். காத்து ஆளையே தூக்குது. என்னைக் கட்டிக்கிறீங்களான்னு கேட்டேன். அவருக்குக் காதுல விழல. 'என்ன?'ன்னாரு. கத்தினேன். 'என்னன்னு?'ன்னாரு. அப்புறம் தொண்டை கிழியக் கத்தினேன். அதுக்குள்ள காத்து நின்னுடுச்சு! அங்க இருந்த, அம்தோ பக்கத்துலேருந்து வந்த யாத்திரைக் கும்பல் மொத்தமும் திரும்பிப் பார்க்குது. அதுல ஒரு பொம்பளை, 'சரின்னு சொல்லுங்களேன்யா, அவளுக்குக் குளிருதுல்ல'ங்குறா."

"அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமே சொல்லல. கையில இருந்த காத்துக்குதிரைத் தாளை எல்லாத்தையும் ஒரே வீச்சுல மேல எறிஞ்சிட்டாரு. கட்டு கட்டா! அந்த அம்தோக்காரங்க எல்லாரும் 'கி கி ஸோ ஸோ'ன்னு கத்த ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் வாயைத் திறந்து, 'உங்க அண்ணன் கிட்ட எப்படிச் சொல்றது?'ன்னாரு."

மூலையில் படுத்திருந்த தாம்தின், "அண்ணனுக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றார்.

அவரை அவள் மறந்தே போயிருந்தாள்.

யுங்துருங் வந்து சேர்ந்ததும் தாம்தின் அவரை எதிரே உட்காரச் சொன்னார். மதத்தைப் பற்றிக் கேட்பார், தங்கையைத் தன் மார்க்கத்துக்கு இழுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்குவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் அதையெல்லாம் கேட்கவில்லை.

"எங்க இருப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். கியுங்போ எங்கே, கெர்ட்சே எங்கே! தங்கை அவ்வளவு தூரம் போய்விடுவாளோ என்கிற பயம்தான் இத்தனை நாளும் அவருக்குள் கோபமாக இருந்ததோ என்னவோ.

யுங்துருங் யோசித்தார். "கெர்ட்சே பஜார்ல பைக் ரிப்பேர் கடை இருக்கா அண்ணே?"

"ஒண்ணு இருக்கு. அவன் திருடன்."

"எனக்கு ஊர்ல இனி யாரும் இல்லை. வீடு பூட்டித்தான் கிடக்கு. ரெண்டாவது கடையை நான் போட்டுக்கிறேன்."

தாம்தின் பகடைக் கிண்ணத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். "முதல் ஆட்டம் நீ போடு" என்றார்.

புத்தாண்டுக்கு முன்னால் கெர்ட்சேயில் கல்யாணம். லுண்டுப்பும் நானும் ஒரு லாரியில் இடம் பிடித்துப் போனோம். இருபக்கத்துப் பூசாரிகளையும் அழைத்திருந்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து முதலில் விறைப்பாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பார்த்தால் இருவருக்கும் முதுகுவலி. எந்த ஊர் மருத்துவர் நல்லவர் என்பதில் ஆரம்பித்த பேச்சு விருந்து முடியும்வரை ஓயவில்லை. ஆட்டிறைச்சி, உலர்ந்த பழம் போட்ட சோறு, பார்லிக் கள். நோர்ஸோம் பவளமும் நீலக்கல்லும் தலையில் சுமந்துகொண்டு, சிரிக்கும்போதெல்லாம் அதைக் கையால் பிடித்துக்கொண்டாள். அவள் சிரிப்பு அப்படி.

நோர்ஸோமுக்கும் தாம்தினுக்கும் தாய்மாமா ஒருவர் பைக்கில் வந்திருந்தார். கள் இரண்டு கிண்ணம் உள்ளே போனதும், "இடம் வர்றவனுக்குப் பொண்ணு குடுத்தா வீடும் தலைகீழாத்தான் நிக்கும்" என்று எல்லோர் காதிலும் விழுகிறபடி சொன்னார். யுங்துருங் கிண்ணத்தைப் பார்த்தார்.

தாம்தின் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். "மாமா, என்னை அந்தக் கணவாயிலேருந்து முதுகுல தூக்கிட்டு வந்தவன் இவன். தலைகீழா தூக்கல. நேராத்தான் தூக்கினான். நீங்க சாப்பிடுங்க" என்றார். சொல்லிவிட்டுக் கல்யாணப் பாட்டை எடுத்தார். சுருதி எங்கோ போனது, தாளம் எங்கோ போனது. ஆனாலும் ஒருவர் விடாமல் கூடச் சேர்ந்து பாடினார்கள்.

சாயங்காலம் மாமா கிளம்ப வெளியே போனார். குளிரில் பைக் உறைந்துபோயிருந்தது. உதைத்தார், உதைத்தார், கிளம்பவே இல்லை. யாரையும் கூப்பிடவும் அவருக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் யுங்துருங் பட்டு அங்கியோடு வெளியே வந்து, அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எதையோ கழற்றினார், வாயால் ஊதினார், மறுபடி மாட்டினார். எரியும் வறட்டித் துண்டு ஒன்றைத் தகட்டில் வைத்து இன்ஜினுக்கு அடியில் சூடு காட்டினார். நோர்ஸோம் வாசலில் நின்று, "ஐயோ, அந்தப் பட்டு! கிரீஸ்! நேத்துத்தான் தைச்சது!" என்று கத்தினாள்.

"போனா போகுது, இன்னொண்ணு தைச்சுக்கலாம்" என்றார் அவர், நிமிராமலே.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. மாமா ஏறி உட்கார்ந்தார். கண்ணுக்குக் கண்ணாடியை மாட்டினார், கழற்றினார். கடைசியில், "பஜார்ல கடை எப்பத் திறக்குற?" என்று மட்டும் கேட்டார்.

"புத்தாண்டு முடிஞ்சதும் மாமா."

"பின் பிரேக்கும் சரியில்லை" என்று முணுமுணுத்துவிட்டு மாமா கிளம்பினார். புழுதியும் புகையும் அடங்கும்வரை இருவரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். பிறகு நோர்ஸோம் தன் கைக்குட்டையை எச்சிலால் நனைத்து அவர் அங்கியில் இருந்த கறையைத் தேய்க்கத் தொடங்கினாள். அது போகாது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.